கழற மறுக்கும் டீசல் பில்டர்: எந்த வழியில் கை வைப்பது?

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் நாலு மணி. விடிய ஐந்து மணிக்கு வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போகவேண்டும், அப்பாவுக்குத் தர்ப்பணம். எங்கள் டொல்பின் வானில் (பழைய டொயோட்டா டீசல் வான்) பில்டர் விளக்கு மூன்று நாளாக எரிந்தபடி இருந்தது. புது பில்டர் வாங்கி வைத்திருந்தேன். அரை மணித்தியால வேலை என்று எண்ணி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்குக் கீழே படுத்தேன். ஆறரை மணிக்கும் பழைய பில்டர் அசையவில்லை. பில்டர் கழற்றும் சங்கிலிக் கருவியைப் போட்டு இழுத்ததில் பில்டரின் டின் நடுவில் நசிந்து போயிருந்தது. அப்போதுதான் பெரிய திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்தேன்.

திருப்புளி டின்னை ஊடறுத்து மற்றப் பக்கத்தால் வந்தது. டீசல் முழங்கை வழியாக வழிந்து சேட்டுக்குள் இறங்கியது. பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன். பில்டர் திரும்பவில்லை, டின்தான் கிழிந்தது, மீன் டின்னின் மூடியைக் கத்தியால் வெட்டுவது போல, ஓட்டையிலிருந்து பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்கு. மேலே தலையோடு, அதாவது பில்டர் பூட்டியிருக்கும் அலுமினியப் பகுதியோடு, ஒட்டியிருந்த டின்னின் மேல் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஏழு மணிக்கு அந்த வான் ஓடாத வானாகிவிட்டது. ஞாயிறு விடிந்தால் அமாவாசை. எந்தக் கராஜும் திறக்காது.

அந்த இரவுக்குப் பிறகு இந்த வேலையை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. எந்த வழி பலமானது என்று ஒப்பிடுவதில் பெரிதாகப் பயனில்லை. ஒரு வழி தோற்றுப்போனால் வான் பழைய பில்டரோடாவது நாளைக்கு ஓடுமா? இந்த ஒரு கேள்வியால்தான் ஒவ்வொன்றையும் அளக்கவேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த அளவுகோலை வைத்துத்தான்.

இந்தக் கேள்வி எங்கள் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பேருக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருப்பதைக் கட்டிக் காத்துத்தான் ஓடினோம். 2022 இல் டீசல் வரிசையில் நின்றபோது தாங்கியை அடிமட்டம் வரை காயவிட்டோம், கானிலும் பரலிலும் சேர்த்து வைத்து ஊற்றினோம். வருடக்கணக்காகத் தாங்கியின் அடியில் கிடந்த கறளும் மண்டியும் அப்போது கிளம்பியது. மாரியில் பாதித் தாங்கியோடு நிற்கும் வானுக்குள் ஈரம் படிந்து தண்ணீர் சேர்வது இன்னொரு பக்கம். குருநகர், பண்ணைப் பக்கம் நிற்கிற வாகனம் என்றால் உப்புக் காற்று வெளியிலிருந்தும் தின்னும். இருபது, முப்பது வருடப் பழைய டீசல் வான் வைத்திருப்பவர் பில்டர் மாற்றத் தெரிந்திருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

ஏன் இறுகுகிறது?

நாங்கள் பலரும் நினைப்பது போலப் புரியில் கறள் பிடித்து இறுகுவதில்லை. புரி உள்ளே, டீசலில் ஊறியபடி இருக்கிறது. அதில் கறள் பிடிக்க வழி குறைவு. ஒட்டிக்கொள்வது றப்பர் வளையம். டின்னின் மேல் விளிம்பில் இருக்கும் அந்த வளையத்தை எண்ணெய் பூசாமல் காய்ந்தபடி போட்டு, கையால் பூட்டாமல் கருவி போட்டு இறுக்கினால், எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் அவிந்து தலையின் அலுமினிய முகத்தோடு ஒன்றிவிடும். என் வானில் நடந்தது இதுதான். முந்தின முறை பில்டர் மாற்றக் கொடுத்த இடத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். டின்னில் அந்தப் பல்லின் அடையாளம் பழைய பெயின்ரோடு அப்படியே இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வழியை ஆரம்பத்திலேயே தள்ளிவிடலாம். டபிள்யூ.டி. 40 என்ற கறள் இளக்கும் ஸ்பிறேயை அடித்து ஊறவிடுவது. கறள் பிடித்த நட்டுக்கு அது நல்ல மருந்து. காய்ந்து ஒட்டிய றப்பருக்கு அல்ல. அடித்தால் டின் வழுக்குவதுதான் மிச்சம். அதைவிட, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, சூடு ஆறமுன் கை வைப்பது மேல். சூட்டில் றப்பர் கொஞ்சம் இளகும். புகைபோக்கிக் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீழே படுத்து பில்டரின் அடியைப் பார்த்தபடி திருப்பினால், மணிக்கூட்டு முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம். அதே பில்டரை மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு திருப்பினால், முள் சுற்றும் பக்கமாகவே கை போகும். அரை மணித்தியாலம் இழுத்துக் களைத்த ஒருவர் இடம் மாறி மேலால் கை விட்டு, இறுக்கிக்கொண்டே இருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு சோக்கட்டியால் டின்னில் அம்புக்குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்றைக்கே கழற்றத்தான் வேண்டுமா?

இதுவும் ஒரு தெரிவுதான், அதுவும் பல நேரம் மிக நல்ல தெரிவு. விளக்கு எரிவதற்கும் இழுவை குறைவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டொயோட்டா டீசல் வான்களில் அந்த விளக்கு பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்வது. அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே ஒரு போத்தலை வைத்து, மேலே உள்ள கைப் பம்பை அழுத்தினால் முதலில் தண்ணீரும் பிறகு சுத்தமான டீசலும் வரும். டீசல் வந்ததும் பூட்டிவிடலாம். விளக்கு அணைந்தால் அடுத்த கிழமை வரை பொறுக்கலாம்.

அன்று எனக்கு இருந்தது தண்ணீர் மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் வடித்துவிட்டுக் கீரிமலைக்குப் போயிருக்கலாம். ஆறுதலாக வந்து திங்கட்கிழமை கழற்றியிருக்கலாம்.

ஆனால் மேட்டில் வான் இழுக்காமல் தவிக்கிறது, வேகத்தில் போகும்போது மூச்சு வாங்குகிறது என்றால் பில்டரின் தாள் அடைத்துவிட்டது. தண்ணீர் வடிப்பதால் அது சரிவராது, மாற்றத்தான் வேண்டும். அப்படியென்றாலும் பயணத்துக்கு முதல் நாள் பின்னேரத்தில் அல்ல, ஸ்ரான்லி வீதிக் கடைகள் திறந்திருக்கும் ஒரு காலை நேரத்தில் தொடங்குங்கள். புதுப் பில்டர் கையில் இருக்கவேண்டும். அதன் றப்பர் வளையத்தின் அகலமும் நடுப் புரியும் பழையதோடு சரியாக இருக்கிறதா என்று கழற்ற முன்னமே ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம்.

கையும் சைக்கிள் ரியூப்பும்

முதல் வழி வெறும் கை என்றால் சிரிப்பார்கள். ஆனால் பிடி சரியாக இருந்தால் கையால் கழரும் பில்டர்கள் நிறைய. கை தோற்பது பலத்தால் அல்ல, வழுக்குவதால். டின்னைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஒரு சொட்டு டீசலும் இருக்கக்கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் இரண்டு கையாலும் பிடியுங்கள். சொரசொரப்பான சாண்ட் பேப்பரை மணல் பக்கம் டின்னைப் பார்க்கச் சுற்றிப் பிடிப்பதும் இதே வேலையைச் செய்யும். இரண்டிலும் எனக்கு ரியூப்தான் பிடிக்கும். சாண்ட் பேப்பர் ஈரம் பட்டால் பிய்ந்துவிடும்.

இந்த வழியில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. தோற்றாலும் பில்டர் வைத்த மாதிரியே இருக்கும். ஆகவே இதுதான் முதலில்.

கை வைக்க முன் ஒன்று. பில்டரின் அடியில் தண்ணீர் சென்சரும் அதன் வயரும் இருக்கும். வயரின் சொக்கற்றைக் கழற்றிவிட்டுத்தான் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் டின்னோடு வயரும் முறுகி, அறுந்துவிடும். பழைய பிளாஸ்ரிக் என்பதால் சொக்கற்றின் நாக்கை நகத்தால் நெம்பாமல் மெதுவாக அமத்திக் கழற்றுங்கள்.

வார், தகட்டு வளையம், சங்கிலி, நகம்

கருவிக்கு வந்தால் ஐந்து வகை கடையில் கிடைக்கிறது. ஐந்தும் ஒரே வேலைக்கு என்று தோன்றும். இந்த பில்டருக்கு ஐந்தும் ஒன்றல்ல.

பில்டரின் அடியில் மாட்டித் திருப்பும் மூன்று நகக் கருவியும், கிண்ணம் போல மூடித் திருப்பும் கருவியும் எஞ்சின் ஒயில் பில்டருக்கு நன்றாக வேலை செய்யும். இங்கே அடியில் சென்சர் துருத்திக்கொண்டு நிற்கிறது. நகம் பிடிக்க இடமில்லை. சென்சரைக் கழற்றிவிட்டு மாட்டலாமே என்றால், டின்னிலிருந்த டீசல் முழுக்க முகத்தில் விழும். பழைய சென்சரின் பிளாஸ்ரிக் உடைந்தால் அதற்கு வேறு அலையவேண்டும். ஆகவே இந்த இரண்டும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது பக்கவாட்டில் பிடிப்பவை. வார்க் கருவி என்பது தடித்த றப்பரோ துணியோ ஆன வாரும் ஒரு பிடியும். இழுக்க இழுக்க இறுகும். டின்னைச் சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடிப்பதால் நசிக்காது. இடுக்கான இடத்துக்குள் போகும். டீசல் பட்டால் வழுக்கும் என்பதுதான் குறை. துடைத்துவிட்டு, உள்ளே ஒரு சுற்று சாண்ட் பேப்பரை வைத்தால் அந்தக் குறையும் போய்விடும். தகட்டு வளையக் கருவி இதைவிட இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் அளவு சரியாக இருக்கவேண்டும். பிடி திரும்புவதற்கும் இடம் வேண்டும். வானுக்குள் அந்த இடம் கிடைப்பது அருமை.

சங்கிலி எல்லாவற்றிலும் பலமானது. பிரச்சினையும் அதுதான். டின் மெல்லிய தகடு, அதற்குள் தாளும் டீசலும். சங்கிலி ஒரு பக்கத்தை மட்டும் கடித்து இழுக்கும்போது பில்டர் திரும்பமுன் தகடு மடங்கிவிடுகிறது. மடங்கின டின்னை இனி வாரும் பிடிக்காது, கையும் பிடிக்காது. சங்கிலி போட்டுத் தோற்றால் நல்ல வழிகள் எல்லாம் அதோடு அடைபட்டுவிடும்.

எந்தக் கருவியானாலும் பிடிக்கும் இடம் முக்கியம். டின்னின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கிட்டப் பிடிக்கமுடியுமோ அவ்வளவு நல்லது. அங்கே உள்ளே தடித்த தட்டு இருக்கிறது, தகடு மடங்காது. நான் அன்று நடுவில் பிடித்தேன், கைக்கு வசதியாக இருந்தது என்பதற்காக. அதே சங்கிலியை இரண்டு அங்குலம் மேலே போட்டிருந்தால் ஒருவேளை கழன்றிருக்கும்.

என் தீர்ப்பு: வார்க் கருவி ஒன்றை வாங்கி வைத்திருங்கள். கையும் ரியூப்பும் தோற்றால் அடுத்தது அது. அதுவும் தோற்றால் சங்கிலிக்குப் போகவேண்டாம், இனி நான் சொல்லப்போகும் வழிக்குப் போங்கள்.

திருப்புளி

எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் இது. ‘ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி இழு’ என்று கேட்டவுடன் சொல்வார்கள். சில நேரம் வேலையும் செய்யும், அதனால்தான் பெயர் நிலைத்திருக்கிறது. லேசாக ஒட்டியிருக்கும் பில்டர் என்றால் திருப்புளி நெம்பலில் கழன்றுவிடும். ஆனால் லேசாக ஒட்டியது வாருக்கும் கழரும். உண்மையில் இறுகியதற்குத் தகடு கிழியும். ஆக, தேவையில்லாத இடத்தில் உதவி, தேவையான இடத்தில் கைவிடும் வழி இது.

குத்தின அந்த நிமிடத்திலிருந்து வான் ஓடாது. கிழிந்த விளிம்பு சவர அலகு போல இருக்கும். என் பெருவிரலில் இன்னும் தழும்பு உண்டு. டின்னின் அடி பிய்ந்துவிட்டால் பிறகு பிடித்துத் திருப்ப மேல் தட்டு மட்டும்தான் மிஞ்சும்.

தலையோடு கழற்றுவது

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு மாமா சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடும்வரை அங்கே பிற்றராக இருந்தவர். ரோர்ச் லைற்றைப் பிடித்துக் கீழே குனிந்து பார்த்தார்.

“தம்பி, உதை ஏன் அதிலை வைச்சு மல்லுக்கட்டுறீர்? தலையோடை கழற்றிக்கொண்டு வாரும், என்ரை வைஸிலை வைச்சுப் பாப்பம்.”

“தலை இறுகேல்லையே மாமா, பில்டர்தானே இறுகினது.”

“இறுகினது எதெண்டாலும், கை போற இடத்துக்குக் கொண்டுவந்துதான் கழற்றவேணும்.”

இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. பில்டர் மாற்றத் தலையைக் கழற்றுவதா, வேலை கூடுமே என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பாருங்கள். தலையை வானோடு பிடித்திருப்பது இரண்டு மூன்று போல்ட்டுகள்தான். டீசல் வருகிற, போகிற றப்பர் குழாய்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். சென்சர் வயர் ஏற்கனவே கழன்றிருக்கிறது. இருபது நிமிடத்தில் தலையும் கைப் பம்பும் டின்னும் ஒன்றாகக் கையில் வந்துவிட்டன.

குழாய்களைக் கழற்றும்போது எது எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குழாய் முனையில் ஒட்டியிருந்தால் இழுக்கவேண்டாம். முறுக்கி அசைத்து, அசைந்த பிறகு இழுங்கள். வெடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதுக் குழாயே போடலாம். கழன்ற முனைகளை உடனே சுத்தமான பொலித்தீன் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஆடி மாதம் சோளகக் காற்று. முற்றத்து மணல் எங்கும் பறக்கும். பில்டருக்குப் பிறகு டீசல் நேரே டீசல் பம்புக்குத்தான் போகிறது. அந்தப் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது, ஓடும் டீசலே அதற்கு மசகு. உள்ளே உள்ள பாகங்கள் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியவை. ஒரு சிட்டிகை மணல் போனால் பில்டர் விலை அல்ல, பம்ப் விலை.

மாமா வைஸின், அதாவது மேசையில் பூட்டிய பிடிகருவியின், தாடைகளுக்கு இரண்டு பக்கமும் பலகைத் துண்டு வைத்தார். தலை அலுமினிய வார்ப்பு. இரும்புத் தாடையால் நேரே கடித்தால் வெடிக்கும். போல்ட் போகும் தடித்த பகுதியை மட்டும் பலகைக்கு நடுவில் பிடித்தார். டின் மேல்நோக்கி நின்றது. நான் கிழித்து வைத்த டின்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிழியாத மேல் விளிம்பில், தட்டு இருக்கும் இடத்தில், என்னுடைய அதே சங்கிலியைப் போட்டார். இழுக்கவில்லை. பிடியின் நுனியில் உள்ளங்கையால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மூன்றாவதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பனங்கொட்டை பிளக்கும்போது வருவது மாதிரி. அதற்குப் பிறகு விரலாலேயே சுழன்று வந்தது.

வானுக்குக் கீழே இரண்டரை மணித்தியாலம் நான் போட்ட பலத்தில் நாலில் ஒரு பங்கும் அவர் போடவில்லை. கீழே படுத்தபடி கையை நீட்டி இழுக்கும்போது பலம் பாதி தோளிலேயே போய்விடுகிறது, பிடியும் சரிந்துவிடுகிறது. மேசையில் வைத்தால் பார்க்கிற இடத்தில் பார்த்து, பிடிக்கிற இடத்தில் பிடிக்கலாம். வைஸ் இல்லையென்றால்கூட ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் வார் போடலாம்.

முக்கியமான விடயம், டின் கிழியாமல் இந்த வழிக்கு வந்திருந்தால், அப்போதும் கழராமல் போனாலும், திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டி, உள்ளே போன காற்றைக் கைப் பம்பால் வெளியேற்றி, பழைய பில்டரோடேயே விடியப் போயிருக்கலாம். இவ்வளவு பலமுள்ள வழிகளில் திரும்பி வரக்கூடியது இது ஒன்றுதான்.

உளி கடைசியிலும் கடைசி. டின் முழுக்கப் பிய்ந்து, தட்டு மட்டும் தலையில் நிற்கும்போது, தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்துச் சுற்றுவாக்கில் தட்டிக் கழற்றுவார்கள். கழரும். ஆனால் உளி ஒரு மயிரிழை வழுக்கி, றப்பர் வளையம் உட்காரும் முகத்தில் கீறினால் கதை வேறு. இந்த எஞ்சின்களில் டீசல் பம்ப்தான் தாங்கியிலிருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. அதனால் அந்தக் கீறலால் டீசல் வெளியே சொட்டாது. எயார் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை, எல்லாம் சரி என்று நினைப்போம். காலையில் மட்டும் வான் எழும்பப் பஞ்சிப்படும். காரணம் தேடிப் பற்றரி, ஸ்டார்ட்டர், ஹீற்றர் பிளக் என்று ஒவ்வொன்றாகக் காசு போகும். தலையைக் கழற்றி வைஸில் வைத்த பிறகு உளி போடுவதென்றால் சரி. வானுக்குக் கீழே படுத்தபடி உளி வேண்டவே வேண்டாம்.

கராஜில் கொடுப்பதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். முழங்கால் ஏலாதவர்கள், வானை நம்பிப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்றுபவர்கள் கொடுத்துவிடுவது நல்லது. கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். பூட்டும்போது றப்பருக்கு எண்ணெய் பூசச் சொல்லுங்கள், கருவி போடவேண்டாம், கையால் பூட்டுங்கோ அண்ணை என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார்.

பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் டீசலுக்கு. பெற்றோலுக்கு அதே துணிச்சலோடு போகக்கூடாது. டீசல் 50 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பொறிக்குப் பற்றும். பெற்றோலின் ஆவி எங்கள் ஊர் வெயிலில் எப்போதும் பற்றத் தயார்.

கார்ப்பரேற்றர் வைத்த பழைய கார்களில் வேலை லேசு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது பெற்றோலைச் சொட்டாக விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் இன்னும் வீதியில் போகின்றன. அவற்றில் இப்போது பலர் போட்டிருப்பது சின்னப் பிளாஸ்ரிக் பில்டர், இரண்டு பக்கமும் றப்பர் குழாய். கழராவிட்டால் குழாயை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள். பிளாஸ்ரிக் முனையை நெம்பி உடைப்பதைவிட அது மலிவு.

பெற்றோலைப் பீச்சியடிக்கும் எஞ்சின் உள்ள தொண்ணூறுகளின் கொரோலா போன்றவற்றில் பில்டர் இரும்பு, இரும்புக் குழாய், நட். இங்கே இறுகுவது உண்மையாகவே கறளால். நட்டும் குழாயும் ஒன்றாகிக் குழாயே முறுகிவிடும். இங்கே டபிள்யூ.டி. 40 க்கு இடம் உண்டு. முதல் நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள். திறந்த வாய் ஸ்பனர் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கும். குழாய்க்கு மேலால் போகக்கூடியதாக வாயில் சின்ன வெட்டு உள்ள றிங் ஸ்பனர் கிடைக்கும், அதுதான் வேண்டும். பில்டரின் உடம்பில் உள்ள ஆறு பக்கத்தை ஒரு ஸ்பனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்புங்கள். அதற்கு முன்னம் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடவேண்டும். அந்தக் குழாய்க்குள் இருப்பது காரின் ரயரில் அடிக்கும் காற்றைவிடக் கூடிய அழுத்தம். நெருப்பு வைத்து நட்டைச் சூடாக்குவது பற்றி யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழும்பிவிடுங்கள். இரும்புக் குழாய் முறுகத் தொடங்கினால் நானாயிருந்தால் அதோடு நிறுத்திக் கராஜுக்குத்தான் போவேன்.

புதியதைப் பூட்டும்போது

கழன்றதும் முதலில் தலையின் முகத்தை விரலால் தடவுங்கள். பழைய றப்பர் வளையம் டின்னோடு வராமல் தலையிலேயே ஒட்டி நிற்பது வழக்கம். கறுப்பாக, தலையின் ஒரு பகுதி போலவே தெரியும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று, எயார் பிடிக்கும். அன்று எங்களுக்கும் பாதி வளையம் மேலேதான் இருந்தது. மாமா அதை மூங்கில் சிராயால் சுரண்டினார், கத்தியால் அல்ல.

சென்சரைப் பழைய டின்னிலிருந்து எடுத்துப் புதியதில் பூட்டும்போது அதன் சின்ன றப்பரையும் மாற்றுங்கள். புதிய டின்னின் வளையத்தில் விரலால் டீசலோ எஞ்சின் ஒயிலோ பூசுங்கள். வளையம் முகத்தைத் தொடும்வரை கையால் சுற்றி, தொட்ட பிறகு முக்கால் சுற்று. அவ்வளவுதான். நடு ஓட்டையால் டீசல் ஊற்றி நிரப்பவேண்டாம். அந்த ஓட்டை வடிகட்டிய பக்கம், அங்கே ஊற்றுவது வடிகட்டாமலே பம்புக்குப் போகும். மேலே கைப் பம்ப் இருக்கிறதே, முப்பது நாற்பது தரம் அழுத்தினால் அதுவே நிரப்பிவிடும். முதலில் மெத்தென்று இறங்கும், பிறகு உள்ளங்கைக்கு எதிர்ப்புத் தெரியும், கடைசியில் இறுகி நிற்கும். வெள்ளைப் பெயின்ரால் திகதியும் கிலோமீற்றரும் டின்னில் எழுதிவிடுங்கள்.

மறுநாள் காலையில் திறப்பைப் போட முன்னம் அந்தக் கைப் பம்பை இன்னொரு தரம் அழுத்திப் பாருங்கள். இரவு விட்டபடி இறுக்கமாக நின்றால் எங்கும் எயார் இல்லை. மெத்தென்று இறங்கினால் ஏதோ ஒரு கிளிப் அல்லது வளையம் சரியில்லை. ஓட முன்னம் பாருங்கள். அன்று நாங்கள் பூட்டி முடிக்க இரவு ஒன்பதரை. விடிய நாலரைக்கு ரோர்ச் லைற்றோடு போய் அழுத்திப் பார்த்தேன். கல்லுப் போல நின்றது. பின் சீற்றில் மாமாவுக்கும் இடம் வைத்து, ஐந்தேகாலுக்கு கேற்றைத் திறந்தோம்.